கணினி கேள்வி பதில்: வீட்டுக் கணினியில் லினக்ஸ்

கேள்வி: எங்கள் தொடர்மாடியில் பல வீடுகளில் பழைய கணினிகள் இருக்கின்றன. விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் லினக்ஸ் இலவசம், வைரஸ் தொல்லை குறைவு, அதன் மூல நிரலை எவரும் படித்துத் திருத்தலாம் என்றெல்லாம் எடுத்துச் சொல்லியும் ஒருவர்கூட மாறவில்லை. வேறு எப்படித்தான் அறிமுகப்படுத்துவது?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: நீங்கள் சொன்ன மூன்றும் உண்மையே, ஆனால் கொழும்பில் இலவசம் என்று சொல்லி ஓர் இயங்குதளத்தை எவர் தலையிலும் கட்ட முடியாது. கணினியைத் திருத்தக் கொடுத்தால், உரிமம் பெறாத விண்டோஸையும் ஒஃபிஸையும் கூலிக்குள் அடக்கியே ஏற்றிக் கொடுக்கும் கடைகள் இங்கு தாராளமாக இருக்கின்றன. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது என்று எடுத்துச் சொன்னாலும், வீட்டுக்குள் வந்து யார் பார்க்கப்போகிறார்கள் என்பதே பதிலாக வரும். காசே கொடுக்காதவரிடம் காசு மிச்சம் என்று சொல்லி என்ன பயன்? மூல நிரலைப் பற்றிய பேச்சு அதைவிடவும் எடுபடாது. கையிலிருக்கும் அன்ட்ரொய்ட் கைபேசியும் லினக்ஸின் கரு எனப்படும் அடிப்படை நிரலின் மீதுதான் இயங்குகிறது என்றால், ‘அப்படியா’ என்று கேட்டுவிட்டுத் தேநீரை ஊற்றப் போய்விடுவார்கள்.

ஆகவே முதலில் பேச்சைக் குறைத்துக்கொண்டு, கடந்த வாரம் இந்தக் கணினியில் என்னென்ன செய்தீர்கள் என்று வீட்டாரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சூம் வகுப்பு, யூடியூப், வங்கிக் கணக்கு, பிள்ளையின் கடந்தகால வினாத்தாள்கள், கைபேசியிலிருந்து இறக்கிய கல்யாணப் படங்கள், கோயில் சபைக்கு எழுதிய ஒரு கடிதம் என்று பட்டியல் பெரும்பாலும் அடங்கிவிடும். இவற்றில் அநேகமானவை உலாவிக்குள்ளேயே நடப்பதால், பயர்பொக்ஸோ குரோமோ இருந்தால் கீழே என்ன இயங்குதளம் இருக்கிறது என்பதை வீட்டார் கவனிக்கவும் மாட்டார்கள். சிக்கல் எப்போதும் பட்டியலின் கடைசியில், அவர்கள் சொல்ல மறந்த ஒரு வேலையில்தான் இருக்கும்: பழைய லேசர் அச்சுப்பொறி, கடைக்கணக்கு எழுதும் ஒரு மென்பொருள், அல்லது மகன் இரவில் விளையாடும் விளையாட்டு. அந்த ஒன்று தடைப்பட்டால் மற்றவை சரியாக நடந்ததை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. போட்டோஷொப்பில் தொழில் செய்பவரும், வலோரன்ட் விளையாடாமல் இருக்க முடியாதவரும் விண்டோஸிலேயே இருப்பது நல்லது. அதை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். அவ்வாறு சொன்னால்தான் நீங்கள் சொல்லும் மற்றவற்றையும் நம்புவார்கள்.

அதன் பிறகு, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டை எழுதிக்கொண்டு செல்லுங்கள். கணினியைத் தொடக்கும்போது எஃப்12 விசையை (சிலவற்றில் எஃப்9, அல்லது எஸ்கேப்) அழுத்திப் பென்டிரைவைத் தெரிவுசெய்தால், வன்தட்டில் எதையும் நிறுவாமலே முழு இயங்குதளமும் திரையில் வந்துவிடும். கணினியை நிறுத்திப் பென்டிரைவைக் கழற்றினால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். பென்டிரைவிலிருந்து ஓடும்போது வேகம் சற்றுக் குறையும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவர்களுடைய அச்சுப்பொறியில் அவர்களுடைய கடிதத்தையே அச்சிட்டுக் காட்டுங்கள். உங்களுக்குப் பிடித்த கண்கவர் அசைவூட்டங்களைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொன்று. விண்டோஸில் ஏதும் கோளாறு என்றால் யூனிட்டி பிளாசாவின் கணினிக் கடைகளுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்ற தைரியம் அவர்களுக்கு உண்டு. லினக்ஸில் அந்த இடத்தில் இருக்கப்போவது நீங்கள்தான். பத்து வீடுகளில் ஏற்றிவிட்டுக் காணாமற்போவதைவிட, இரண்டு வீடுகளில் ஏற்றி ஆறு மாதங்கள் தொலைபேசியில் பதில் சொல்வது மேல்.

கேள்வி: எங்களிடம் இருப்பது நான்காம் தலைமுறை ஐ5 மடிக்கணினி, 4 ஜிபி நினைவகம். விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, புதியது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். என்ன செய்யலாம்?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: விண்டோஸ் 10 இற்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றன, பதிவுசெய்துகொண்ட வீட்டுப் பாவனையாளருக்கு மேலும் ஓராண்டு வழங்கப்பட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிந்தியதையோ கேட்பதால் உங்கள் கணினி அந்த வரம்புக்குள் வராது. இந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருவோர் உண்டு. ஆனால் அத்தகைய கணினிகளுக்குப் புதுப்பிப்பு கிடைக்கும் என்று மைக்ரோசொஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. 2022இல் டொலர் ஏறியபின் புதிய மடிக்கணினி வாங்குவது இலேசான காரியமல்ல. ஆகவே லினக்ஸ் மின்ட் 22 இன், பழைய கணினிக்கும் பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஈ பதிப்பைப் போட்டுப் பாருங்கள்; அதற்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு. செலவழிக்க விரும்பினால் பழைய சுழல் வன்தட்டை எடுத்துவிட்டு, சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றைப் போடுங்கள், முடிந்தால் நினைவகத்தை 8 ஜிபி ஆக்குங்கள். இயங்குதளத்தை மாற்றுவதைவிட எஸ்எஸ்டியால்தான் வேகம் அதிகம் கூடும். நிறுவும் முன் மகளின் கோப்புகள் அனைத்தையும் வெளித்தட்டில் பிரதியெடுக்க மறக்கவேண்டாம். பாடசாலைக்குக் கொடுக்கும் வேலைகளை, ஒஃபிஸுக்கு மாற்றான இலவச லிப்ரே ஒஃபிஸில் செய்து பிடிஎஃப் ஆகக் கொடுத்தால், மற்றவர் கணினியில் பக்க அமைப்புக் குலையாது.

கேள்வி: எங்கள் சங்கத்தின் பல வருடக் கடிதங்கள் பாமினி எழுத்துருவில் உள்ளன. லினக்ஸுக்கு மாறினால் அவற்றைப் படிக்க முடியுமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: முடியும். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டினால் ‘அம்மா’ வருவது அதனாலேயே. எழுத்துரு இல்லாத கணினியில் அதே கடிதம் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். பழைய கணினியிலிருந்து பாமினிக் கோப்பைக் கொண்டுவந்து, இரட்டைச் சொடுக்கில் திறந்து நிறுவிவிட்டால், லிப்ரே ஒஃபிஸில் கடிதங்களைப் படிக்கலாம்; ஆங்கில விசைப்பலகையில் முன்போலவே தட்டச்சும் செய்யலாம். ஆயினும் புதிய கடிதங்களை ஒருங்குறியில் (யுனிகோட்) எழுதத் தொடங்குங்கள். அப்போதுதான் வட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அப்படியே ஒட்டலாம். ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியில் பல மொழி விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் தொகுப்பைச் சேர்த்தால், இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பும் அதில் கிடைக்கும்.

கேள்வி: லினக்ஸில் வைரஸ் காட் (வைரஸ் தடுப்பு மென்பொருள்) வேண்டுமா?
– வாசகி, மட்டக்குளி

பதில்: வீட்டுப் பாவனைக்குப் பெரும்பாலும் தேவையில்லை. புதுப்பிப்புகளைத் தவறாமல் போடுங்கள். வங்கியிலிருந்து என்று சொல்லி வரும் போலி இணைப்புகளை எந்த இயங்குதளமும் உங்களுக்காகத் தடுத்துவிடாது.