அம்மா வாங்கித் தந்த பதவி

மதிப்பிற்குரிய ஐயா,
என் மகன் ப்ளஸ் ஒன் படிக்கிறான். தலைமைப் பண்பு வளரும் என்றார்கள், பள்ளியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். சாரிடம் பேசி அவனையே அணித் தலைவராகப் போடச் சொன்னேன். இப்போது கிராமத்தில் 7 நாள் முகாமாம். படிப்பு கெடாதா? சான்றிதழ் மேற்படிப்புக்கு உதவுமா?
– ஒரு தாய், ஈரோடு

அன்புள்ள சகோதரி,

ஏழு நாளில் படிப்பு ஒன்றும் கெட்டுவிடாது. சான்றிதழ் பற்றிப் பள்ளியில் கேளுங்கள். என்னை உறுத்தியது வேறு. சாரிடம் பேசி அணித் தலைவராகப் போடச் சொன்னீர்களே, அது. கொஞ்ச நாளாகவே இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் செய்ய வேண்டியதையெல்லாம் நாமே முந்திக்கொண்டு செய்துவிடுகிறோம். அப்புறம் தலைமைப் பண்பு வரவில்லையே என்று பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுகிறோம்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது என் சித்தி மகளுக்கு 16 வயது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியிருந்தார்கள். தொண்டராகச் சேர்ந்தாள், சம்பளம் கிடையாது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகியது அப்போதுதான். அவளும் வாடகைச் சைக்கிள் எடுத்து, பாவாடையைச் செருகிக்கொண்டு பழகினாள். சைக்கிள் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அவளுடைய ராத்திரி வகுப்பை.

படிக்க வேண்டியவர்கள் எல்லாம் அவள் அம்மா வயதுப் பெண்கள். களையெடுத்துவிட்டு, கல்லுடைத்துவிட்டு வந்து அப்போதுதான் உலை வைத்திருப்பார்கள். வீடு வீடாகப் போய் 'வாங்க அத்தை, வாங்க சின்னம்மா' என்று கூப்பிடலாம், அதற்கு மேல் அவளுக்கு ஒரு அதிகாரமும் இல்லை. வராவிட்டால் என்ன செய்துவிட முடியும்? ஒருத்தி, "மொதல்ல இந்தப் புள்ளையப் புடி, சோத்த வடிச்சிட்டு வர்றேன்" என்று கைக்குழந்தையை நீட்டினாள். அதை இடுப்பில் வைத்துக்கொண்டே அன்றைக்குப் பலகையில் எழுதிப்போட்டாள். நடவு நாட்களில் வகுப்பை 9 மணிக்குத் தள்ளினாள். தெருவிளக்கு எரியவில்லை என்று ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தவள், பல்பு வாங்காமல் எழுந்திருக்கவில்லை. அதுவரை அந்த வீட்டு வாசலில் நின்று பேசக்கூடப் பயந்தவள்! யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வகுப்பு நடக்காவிட்டால் அவளைத்தான் கேட்பார்கள், அவ்வளவுதான்.

உங்கள் மகனுக்கு அப்படி ஒரு பொறுப்பு கிடைக்கிறதா? மரக்கன்று நட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்புவதெல்லாம் கணக்கில் வராது. முகாமில் சாப்பாடு பத்தாமல் போனால் யாரைக் கேட்பது, ஒருவன் வேலை செய்யாமல் படுத்துக்கிடந்தால் சண்டை வராமல் எப்படி எழுப்புவது, இதெல்லாம் அவன் தலையில் விழட்டும். ஆனால், அம்மா வாங்கித் தந்த பதவி என்று தெரிந்தால் எந்தப் பையன் அவன் பேச்சைக் கேட்பான்? அவனைத் தூக்கிவிடுவதாக நினைத்து, கூட்டாளிகள் முன்னால் அவனைச் சின்னவனாக்கிவிட்டீர்கள். கோபத்தில் சொல்லவில்லை. பிள்ளை மேல் உள்ள பாசம்தான் இதையெல்லாம் செய்ய வைக்கிறது, தெரியும்.

அணித் தலைவரைப் பசங்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று அவனே சாரிடம் போய்ச் சொல்லட்டும். நீங்கள் போக வேண்டாம். போர்வையும் காய்ச்சல் மாத்திரையும் கொடுத்து முகாமுக்கு அனுப்புங்கள். ராத்திரி போன் போட்டு, என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.