நோவாவின் கதவை அடைத்தது யார்?

அன்புள்ள ஐயா,

வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களான ஐந்து ஆகமங்களையும் மோசேயே எழுதினார் என்று ஞாயிறு பள்ளியில் படித்தவன் நான். நான்கு பேர் எழுதியதைப் பின்னால் வந்தவர்கள் ஒட்டுப்போட்டுச் சேர்த்தார்கள் என்று இப்போது ஒரு கட்டுரையில் படித்து மனம் கலங்கிவிட்டது. இது வேதத்தைச் சிறுமைப்படுத்தும் வேலை இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் வீட்டு வேதாகமத்தில் நோவாவின் பேழைக் கதை வரும் ஆதியாகமம் 6, 7 அதிகாரங்களை எடுத்து நிதானமாக வாசியுங்கள். 6:19இல் ஒவ்வொரு உயிரிலும் ஒரு ஜோடு என்கிறார் தேவன். 7:2இல் சுத்தமான மிருகங்களில் ஏழேழு ஜோடு என்கிறார் கர்த்தர். 7:17இல் வெள்ளம் 40 நாள், 7:24இல் 150 நாள். அப்புறம் 7:16. தேவன் கட்டளையிட்டபடி உயிர்கள் பேழைக்குள் போகின்றன. கதவை அடைப்பவர் கர்த்தர். ஒரே வசனத்தில் கடவுளுக்கு இரண்டு பெயர்கள்! இருவர் எழுதியது இங்கே சேர்கிறது என்பதற்கு இது ஒரு தடயம். எபிரேயத்தில் ஏலோகிம் வரும் இடத்தில் ‘தேவன்’, யாவே வரும் இடத்தில் ‘கர்த்தர்’ என்று நம் பழைய மொழிபெயர்ப்பு பிரித்தே வைத்திருப்பதால், எபிரேயம் தெரியாத நாமும் அந்தத் தையலைத் தடவிப் பார்க்க முடிகிறது.

இதைத் தொட்டவர்கள் வேதத்தின் பகைவர்கள் அல்லர். ‘அக்காலத்திலே கானானியர் அத்தேசத்தில் இருந்தார்கள்’ என்ற 12:6ஐப் படித்த யூத அறிஞர் இபன் எஸ்ரா, இதில் ஒரு ரகசியம் உண்டு, புரிந்தவன் மௌனமாயிருப்பான் என்று 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். கானானியர் இல்லாத காலத்தில் இருந்து பார்ப்பவர்தானே ‘அக்காலத்திலே’ என்பார்? மோசேயின் காலத்திலோ அவர்கள் அங்கேயே இருந்தார்கள். 1753இல் இரு பெயர்களையும் வைத்து மூலங்களைப் பிரித்த பிரெஞ்சு மருத்துவர் ழான் அஸ்ட்ரூக்கோ, மோசே பழைய ஏடுகளைக் கொண்டு தொகுத்தார் என்றே வாதாடினார்.

யாவே மரபு, ஏலோகிம் மரபு, உபாகமம், ஆசாரியர் மரபு என்ற நான்கு மூலக் கொள்கைக்கு முழு வடிவம் கொடுத்தவர் ஜெர்மானிய வேத அறிஞரான வெல்ஹவுசன். உங்கள் கலக்கம் அவருக்கும் இருந்தது. தம் மாணவர்களைத் திருச்சபைப் பணிக்கு உதவாதவர்களாக்குகிறோம் என்ற மனச்சாட்சி உறுத்தி, 1882இல் இறையியல் பேராசிரியர் பதவியையே துறந்தார். ஆனால் ‘நான்கு’ என்ற கணக்கை நீங்கள் இறுகப் பிடிக்க வேண்டாம். ஏலோகிம் மரபு தனி நூலாக இருந்ததா என்றே 1970களுக்குப் பின் பலர் கேட்கிறார்கள். ஆசாரியர் மரபும் உபாகமமும் தனித்தனிக் கைகள் என்பதில் மட்டும் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள்.

சிறுமை என்கிறீர்கள். ஒரு ஜோடா ஏழு ஜோடா என்பது தொகுத்தவர் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? ஒன்றை அடித்துவிட்டால் கதை சுத்தமாகியிருக்கும். தமக்கு முன்னிருந்தவர்கள் தந்ததை வெட்ட அவர் கை வரவில்லை என்றே நான் நினைக்கிறேன். அதைவிடப் பெரிய பக்தி எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வண்ணப் பென்சில்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தேவனுக்கு நீலம், கர்த்தருக்குச் சிவப்பு. 6:5இல் தொடங்கி 9:17 வரை கோடிட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.