மழைத்துளிக்கு ஏமாறாத பற்றுக்கம்பி

கேள்வி: வாசலில் தொட்டாச்சிணுங்கி வளர்க்கிறோம். பேரன் பொழுதன்றைக்கும் அதைத் தொட்டுத் தொட்டு விளையாடுகிறான். கொஞ்ச நாளாகத் தொட்டாலும் சரியாகச் சுருங்குவதில்லை. செடி பட்டுப்போகிறதா? (திருநெல்வேலி வாசகி)

பட்டுப்போகவில்லை. சலித்துப்போய்விட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். லேசாகப் புடைத்த முட்டு ஒன்று தெரியும். பல்வினஸ் என்பார்கள். அதிலுள்ள செல்கள் தண்ணீர் நிறைந்து விறைப்பாக இருப்பதால்தான் காம்பு நிமிர்ந்து நிற்கிறது. விரல் பட்டதும் ஒரு மின்துடிப்பு ஓடும். முட்டின் அடிப்பக்கச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும், தண்ணீரும் அதன் பின்னாலேயே போகும். காற்றுப் போன டியூப் மாதிரி அந்தப் பக்கம் தளர்ந்ததும் காம்பு தொங்கிவிடுகிறது. போனதைத் திரும்ப உள்ளே இழுத்து நிமிர்வதற்குப் பத்து, இருபது நிமிடம் ஆகும். அதற்குச் சக்தி செலவாகும், அதுவரை வெயிலும் வீண். ஒன்றும் ஆகாத தொடுதலுக்கெல்லாம் இந்தச் செலவு கட்டுப்படியாகாது.

ஆஸ்திரேலியாவில் மோனிகா காக்லியானோ என்பவர் 2014இல் வெளியிட்ட சோதனை இதைப் பற்றியதுதான். தொட்டாச்சிணுங்கித் தொட்டிகளைப் பதினைந்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு மெத்தையின் மேல் திரும்பத் திரும்ப விழவைத்தார். முதலில் இலைகளை மூடிக்கொண்ட செடிகள், போகப்போக மூடாமலே விட்டுவிட்டன. களைப்பாக இருக்குமோ என்று வேறு மாதிரி குலுக்கிப் பார்த்தால் உடனே மூடிக்கொண்டன. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து மறுபடி விழவைத்தபோதும் பழைய அலட்சியம் அப்படியே இருந்தது. இதை ‘நினைவு’ என்று சொல்லலாமா என்பதில் தாவரவியலாளர்களிடையே சண்டை ஓயவில்லை. எனக்கும் அந்தச் சொல் கொஞ்சம் பெரிதாகத்தான் படுகிறது. எதற்கும் பேரனை ஒரு வாரம் வேறு விளையாட்டுக்கு அனுப்பிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலக வாசலில் இருக்கும் தூங்குமூஞ்சி மரம் மழைக்கு முன்னாலேயே இலையை மூடிக்கொள்கிறது. மழை வரப்போவது அதற்கு எப்படித் தெரியும்? (திருச்சி வாசகர்)

மழை வரப்போவது தெரியாது. மேகம் கவிந்து வெளிச்சம் குறைவதுதான் தெரியும். மேலே சொன்ன அதே முட்டு இங்கேயும் உண்டு, ஆனால் இயக்குவது விரல் இல்லை, வெளிச்சம். கூடவே ஓர் உள்கடிகாரமும் இருக்கிறது. 1729இல் பிரான்சின் வானியலாளர் தெ மேரான் இலை மூடும் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாமல், விடியும் நேரத்துக்கு இலைகள் தாமாகவே விரிந்தன. நமக்கு ராத்திரி தூக்கமும் விமானப் பயணத்துக்குப் பிறகு அசதியும் வருகிறதே, அந்த உடற்கடிகார ஆராய்ச்சிக்குப் பிள்ளையார் சுழி போட்டது இப்படி ஒரு செடிதான்.

கேள்வி: மாடியில் இரண்டு தொட்டிகளில் சாமந்தி. ஒரே நாளில் வைத்தது, ஒரே உரம். ஒன்று பூத்துக் குலுங்குகிறது. தெருவிளக்குப் பக்கம் இருப்பது இலையாகவே வளர்கிறது. ஏன்? (சேலம் வாசகி)

கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது: தெருவிளக்கு. சாமந்தி இரவின் நீளத்தை அளந்து பூக்கும் செடி. ராத்திரி போதுமான அளவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். அளப்பது இலையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி. நடுராத்திரியில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலும் போதும், இரவு முறிந்துவிட்டதாகக் கணக்குப் போட்டுவிடும். பசுமைக்குடிலில் சாமந்தி வளர்ப்பவர்கள் பூவைத் தள்ளிப்போட ராத்திரியில் பல்பு போடுவது இதனால்தான். தொட்டியைத் தெருவிளக்கு வெளிச்சம் படாத பக்கம் நகர்த்துங்கள். உரத்தை மாற்ற வேண்டாம்.

கேள்வி: கவாத்து செய்தால் செடிக்கு வலிக்குமா? (காரைக்குடி வாசகர்)

வலியை உணர நரம்பும் மூளையும் வேண்டும், செடிக்கு இரண்டும் இல்லை. ஆனால் வெட்டுப்பட்ட சேதி மற்ற இலைகளுக்குப் போகிறது. காயத்திலிருந்து கால்சியம் அலை ஒன்று கிளம்பி வினாடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் பரவுவதை 2018இல் ஒளிரும் புரதத்தைக் கொண்டு படமே எடுத்துவிட்டார்கள். தைரியமாகக் கவாத்து செய்யுங்கள், கத்தரி மட்டும் கூர்மையாக இருக்கட்டும்.

கேள்வி: வீணை வாசித்தால் செடி நன்றாக வளரும் என்கிறார்களே, உண்மையா? (கும்பகோணம் வாசகி)

இந்தப் பேச்சுக்கு நம் ஊரிலேயே ஒரு வேர் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் இருந்த டி.சி.என். சிங் 1950களில் செடிகளுக்கு இசை கேட்கவைத்துப் பார்த்தவர். நன்றாக வளர்ந்தன என்றார். அது உலகம் முழுக்கப் பரவி, கடைசியில் செடிக்கு எந்த ராகம் பிடிக்கும் என்கிற அளவுக்குப் போய்விட்டது. ஒளி, ஈரம், வெப்பம் எல்லாவற்றையும் சமமாக வைத்துச் செய்தால்தான் இசையின் பங்கு தனியாகத் தெரியும். அந்தப் பரீட்சையில் ராகக் கதைகள் தேறியதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அதிர்வு வேறு விஷயம். அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில், கம்பளிப்புழு இலையைக் கடிக்கும்போது எழும் அதிர்வைப் பதிவு செய்து, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியின் இலைக்கு ஊட்டினார்கள். புழுவே இல்லை, அதிர்வு மட்டும்தான். பிறகு நிஜப் புழுவை விட்டபோது, அதிர்வை முன்பே உணர்ந்த செடிகள் மற்றவற்றைவிட அதிகமாக, புழுவை விரட்டும் கடுகு நெடிப் பொருளைச் சுரந்தன. காற்றின் அதிர்வுக்கு அப்படிச் செய்யவில்லை. செடிக்குச் சங்கீதத்தால் என்ன ஆகப்போகிறது? தன்னைத் தின்ன வருபவனின் பல் சத்தம்தான் அதற்கு முக்கியம்.

கேள்வி: பாகல் கொடி பிளாஸ்டிக் குழாயைப் பிடிக்காமல் பக்கத்துக் கொடிக்கயிற்றில் போய் ஏறுகிறது. குழாய் அதற்குப் பிடிக்கவில்லையா? (மதுரை வாசகர்)

என் மாடியிலும் இதே கூத்து. ஒரு நாள் காலையில் காபியோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பாகல் பிடித்து ஏறுவதற்கு நீட்டும் மெல்லிய பற்றுக்கம்பியின் நுனி, எதையோ தேடுகிற விரல் மாதிரி, மெதுவாக வட்டமடிக்கும். சொரசொரப்பான ஏதாவது தட்டுப்பட்டால் தொட்ட பக்கத்தைவிட எதிர்ப்பக்கம் வேகமாக நீளும். அதனால் நுனி வளைந்து சுற்றிக்கொள்ளும். சுற்றிப் பிடித்த பிறகு மிச்சமுள்ள கம்பி ஸ்பிரிங் போலச் சுருண்டு கொடியை இழுக்கும். அந்தச் சுருளை விரலால் தடவிக்கொண்டே போனால் நடுவில் ஓர் இடத்தில் திசை மாறியிருப்பது தெரியும். இரண்டு முனையும் கட்டுண்டு கிடக்கும்போது ஒரே திசையில் முறுக்கிக்கொண்டே போக முடியாது, பாதி இப்படியும் பாதி அப்படியும் போனால்தான் கணக்குச் சரியாகும்.

டார்வின் இந்தக் கம்பிகளை மாதக்கணக்கில் கவனித்தவர். மெல்லிய நூல் பட்டாலே வளைகிற கம்பி, மேலே விழும் நீர்த்துளிக்கு அசைவதில்லை என்று எழுதிவைத்தார். மழை பெய்யும்போதெல்லாம் வெறும் காற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தால் கொடி எப்படி ஏறும்? தொடுகிற பொருள் கம்பியின் மேல் சொரசொரப்பாக உரச வேண்டும்; வழவழப்பு அதை அவ்வளவாகத் தூண்டுவதில்லை. குழாயைப் பிடுங்க வேண்டாம். அதன் மேல் சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிவிடுங்கள், பாகல் தானே ஏறிக்கொள்ளும்.