சுண்ணாம்பு பூசாத கலயம்

அன்புள்ள அண்ணாச்சி,

என் அம்மாவைப் பெற்ற தாத்தா, 1959இல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கியதுமே அதில் சேர்ந்தவர். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் கட்சிக்காக அலைந்து, இரண்டு கோட்டை விதைப்பாடு நன்செயை விற்றார். கட்சி போன பிறகு சாகும்வரை வேறு எந்தக் கட்சியிலும் சேரவில்லை. 'பிழைக்கத் தெரியாதவர்' என்பதுதான் வீட்டில் அவருக்குப் பெயர். அவருடைய தகரப்பெட்டி என்னிடம் இருக்கிறது. அவர் வாழ்க்கையை எழுத நினைக்கிறேன். அரசின் தலையீட்டைவிடத் தனிமனித சுதந்திரமே பெரிது என்பவரை 'லிபர்டேரியன்' என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல்வது? பண்ணையார் கட்சி என்ற பழிக்கு என்ன பதில் எழுதுவது? உண்மையைச் சொல்லுங்கள், அந்த வாழ்க்கை வீண்தானா?

ச., பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்கக் கூடாது. நிலத்தைக் குடித்துத் தீர்த்தவர்களும் பங்காளி வழக்கில் தீர்த்தவர்களும் நம் பக்கத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களுக்கெல்லாம் வராத பெயர், ஒரு கொள்கைக்காக விற்றவருக்கு மட்டும் வந்திருக்கிறது. வீட்டார் சொன்னால் பொறுக்கலாம், வயிறு காய்ந்தவர்கள் அவர்கள். அவருடைய பெட்டியைத் திறந்து பார்த்த பேரன் சொல்லலாமா?

சொல்லுக்கு அலைய வேண்டாம். சுதந்திரவாதி என்று எழுதுங்கள், போதும்.

பண்ணையார் கட்சி என்பதில் பாதி உண்மை. 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் போட்டதும், நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று அஞ்சிய மிராசுதார்களும் ஜமீன் குடும்பத்தாரும் ராஜாஜியின் பின்னால் வந்தார்கள். மறைக்காமல் எழுதுங்கள். மூன்று ஏக்கர்க்காரனும் அதே அச்சத்தோடுதான் வந்தான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 1967இல் நெல்லை நாடாளுமன்றத் தொகுதியில் கட்சியின் நட்சத்திரச் சின்னம் வென்றதற்குத் தி.மு.க. கூட்டணியின் பலமும் காரணம். 1974இல் கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. பிறகு தாத்தா ஏன் எங்கும் சேரவில்லை என்று வியக்கிறீர்கள். சேர எங்கே இடம் இருந்தது? 1989இல் வந்த சட்டத்திருத்தத்தின்படி, பதிவு கேட்கும் எந்தக் கட்சியும் சோஷலிசத்துக்கு விசுவாசம் அறிவிக்க வேண்டும். வாயால் பொய் சொல்லாமல் அவரைப் போன்றவர்கள் ஒரு கட்சியைப் பதிவுகூடச் செய்ய முடியாது.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் உடன்குடிச் சாலையில் லாரி நிறையப் பனைத்தடிகள் செங்கல் சூளைக்குப் போவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அன்றிலிருந்து ஒரு மனிதர் என் நினைவை விட்டு அகலவில்லை. அவரும் உங்கள் தாத்தாவின் கட்சிதான். அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாத்தான்குளம் பக்கம் செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் எங்கள் ஊர். இன்று தூத்துக்குடி மாவட்டம், அன்று திருநெல்வேலி. அவர் சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார். 1952இல் ராஜாஜி முதலமைச்சராகி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியதும், ரேஷன் அரிசிக்கு நின்ற கூட்டம் கலைந்து கடைக்கு அரிசி தானாக வந்ததைக் கண்ணால் கண்டவர். அன்றே ராஜாஜியின் ஆள் ஆகிவிட்டார். எதைச் செய்யவும் அரசாங்க அனுமதி கேட்கும் ஆட்சியை ராஜாஜி 'பர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம்' என்பார். அந்தச் சொல்லைக் கடைச்சுவரில் சுண்ணாம்பால் எழுதி வைத்திருந்தார்.

என் தாய்மாமா பனையேறி. பங்குனி தொடங்கி ஆடி வரை காலையும் மாலையும் மரம். தளைநாரும் முருக்குத்தடியும் பாளை அரிவாளும்தான் அவருடைய சொத்து. பதநீர் இறக்கலாம், கள் இறக்கக் கூடாது என்பது சட்டம். இரண்டும் ஒரே பாளையிலிருந்து சொட்டும் ஒரே சாறு. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசியிருந்தால் பதநீர். பூசாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள். ஒரு விரல் சுண்ணாம்புக்கு இந்தப் பக்கம் தொழிலாளி, அந்தப் பக்கம் குற்றவாளி. பதநீர் இறக்கவும் உரிமம் வேண்டும். மரம் அவனுடையது, உயிரைப் பணயம் வைத்து ஏறும் கால் அவனுடையது. அதற்கு நடுவில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்டவர், எனக்குத் தெரிந்து, எங்கள் ஊரில் அந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர்தான்.

1968 கோடையில் மாமாவின் கலயம் ஒன்றில் சுண்ணாம்பு இல்லை என்று வழக்குப் போட்டார்கள். அந்தக் கலயங்களுக்கு முந்தின நாள் சுண்ணாம்பு பூசியவன் நான். வயது ஒன்பது. விளையாடப் போகும் அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மனு எழுத உட்கார்ந்த கடைக்காரர் என் கையைப் பிடித்து, "எந்தக் கலயம் என்று உனக்குத் தெரியும், இல்லையா?" என்று மட்டும் கேட்டார். அழுதுகொண்டே சொன்னேன். அதை அவர் மனுவில் எழுதவில்லை, மாமாவிடமும் சொல்லவில்லை. வழக்கு நாளில் கடையைப் பூட்டிவிட்டு மாமாவோடு பஸ்ஸில் போனார். அபராதத்தில் பாதியையும் கட்டினார். அந்தப் பருவம் முழுவதும் இப்படி எத்தனையோ பேருக்குப் போனார். அவர் கள்ளை ஒரு சொட்டுத் தொட்டதில்லை.

இவருடைய தலைவர் யார் என்பதை யோசியுங்கள். 1937 அக்டோபரில் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கி வைத்தவரே ராஜாஜி. 1948இல் அது மாகாணம் முழுவதற்கும் வந்தது. கோட்டாவையும் லைசென்சையும் அப்படி எதிர்த்தவருக்குப் பனைமரத்தடியில் நிற்கும் போலீஸ் கண்ணில் படவில்லை. 1953இல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டமோ, அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. என்னை மரத்துக்கு அனுப்பும் திட்டம் அது. எதிர்ப்பு எழுந்து மறு ஆண்டே போனதால்தான் இந்தப் பதிலை எழுதிக்கொண்டிருக்கிறேன். ராஜாஜியை நான் மதிக்கிறேன். இந்த இரண்டையும் மன்னிக்கமாட்டேன்.

1971இல் கருணாநிதி மதுவிலக்கைத் தளர்த்த இருந்தபோது, வேண்டாம் என்று ராஜாஜி நேரில் போய்க் கேட்டுக்கொண்டார். செய்தித்தாளில் அதைப் படித்த அன்று கடைக்காரர் சாப்பிடவில்லை. மாலையில் ராஜாஜிக்கு ஒரு கார்டு எழுதினார். 'கலயத்தைப் போலீஸ் மோந்து பார்க்கும் நாட்டில் சுதந்திரம் என்ற சொல்லை நாம் எப்படிச் சொல்வது?' என்பது அதில் ஒரு வரி. என்னை உரக்கப் படிக்கச் சொன்னார். தபால் பெட்டிவரை நானும் போனேன். மறுநாளும் அவர் கட்சிக்காரராகவேதான் இருந்தார்.

இன்றைய நிலை உங்களுக்குத் தெரியும். 1987 ஜனவரி முதல் கள்ளுக்கு மறுபடி தடை. 2003 முதல் சீமைச் சாராயத்தை அரசாங்கமே கடை போட்டு விற்கிறது. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு போனால் கேரளத்தில் கள்ளுக்கடை உரிமத்தோடு நடக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் தொழில், இந்தப் பக்கம் குற்றம். குடி கெடுக்கிறது என்பவர்களோடு நான் வாதாட வரவில்லை. கெடுக்கத்தான் செய்கிறது. தான் விற்கும் போத்தலை விட்டுவிட்டுப் பனையேறியின் கலயத்தை மட்டும் உடைக்கும் கையைத்தான் கேட்கிறேன். பனையேறியின் பிள்ளைகள் மரத்தை விட்டுப் போனார்கள், நல்லதுதான். விரும்பிப் போனது வேறு, விரட்டப்பட்டுப் போனது வேறு.

ஆகவே உங்கள் தாத்தாவைப் பற்றி எழுதும்போது எந்த மாநாட்டுக்குப் போனார், எந்தத் தலைவர் வீட்டுக்கு வந்தார் என்று அடுக்காதீர்கள். திண்ணைக்கு யார் யார் வந்தார்கள் என்று தேடுங்கள். வீரவநல்லூரிலிருந்து தறிக்காரர் வந்தாரா, பத்தமடையிலிருந்து பாய் நெய்பவர் வந்தாரா? பண்ணையார் மட்டும்தான் வந்தார் என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

தகரப்பெட்டியில் மனுக்களின் நகல்கள் இருந்தால் முதலில் அவற்றை எடுத்து வெயிலில் உலர்த்திப் பத்திரப்படுத்துங்கள். எங்கள் ஊர்க்காரர் கார்பன் வைத்து எழுதிச் சேர்த்திருந்த கட்டு, அவர் இறந்த வருடமே பதநீர் காய்ச்சும் விடிலி அடுப்புக்குப் போய்விட்டது. என் மாமாவின் பெயர் எழுதிய தாளும் அதில்தான் இருந்தது.

அன்புடன்.