வருமானத்தை மறைச்சனீங்கள் எண்டு கடிதம் வந்தவைக்கு: இந்தமுறை கேள்வி-பதில்

இந்தமுறை வந்த கடிதங்களில பாதிக்கு மேல ஒரே விசயம்தான். பிரிட்டனில பெனிபிட் (அரசாங்க உதவிப்பணம்) எடுக்கிறவை வருமானம் சொல்லாமல் மறைச்சதா, அதைக் குடுக்கிற டிடபிள்யூபி எண்ட அரசாங்கத் திணைக்களம் சொல்லுது, இவை மறைக்கேல்லை எண்டு சொல்லினம். சிலதுக்கு ஒரு வரி காணும், ஒண்டுக்கு மட்டும் இருந்து நீளமா எழுதியிருக்கிறன், அதைத் தயவுசெய்து எல்லாரும் வாசியுங்கோ.

கேள்வி (ஹரோ): இன்டர்வியூவுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கு. கேஸ் போடப் போயினமோ?

எந்த இன்டர்வியூ எண்டு நீங்கள் எழுதேல்லை. கடிதத்தின்ர முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது? கம்ப்ளையன்ஸ் இன்டர்வியூ எண்டு இருந்தா அது கணக்குச் சரிபாக்கிறது, கிரிமினல் விசாரணை இல்லை. இன்டர்வியூ அண்டர் கோஷன் எண்டு இருந்தா அதுதான் கிரிமினல் விசாரணை, நீங்கள் சொல்லுற ஒவ்வொரு சொல்லும் ரெக்கோட் ஆகும், பிறகு கோட்டில சாட்சியா வரும், சொலிசிட்டர் ஒராளோட கதைக்காமல் அதுக்குப் போகவே வேண்டாம். யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைஞ்சவைக்கு மாசாமாசம் வாற உதவிப்பணம்) ரிவியூ எண்டு நாலு மாச பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்டா அது மூண்டாவது ரகம், ஆற்ற கிளெய்மையும் எடுத்துப் பாக்கினம், கேட்டதைக் கேட்ட நாளுக்குள்ள குடுங்கோ, பேசாமல் இருந்தா காசை நிப்பாட்டிப் போடுவினம்.

கேள்வி (டூட்டிங்): மகளின்ர சாமத்தியவீட்டுக்கு வந்த காசு 4,000 பவுண்ஸ் பேங்கில போட்டன். கனடாவில இருந்து அண்ணாவும் 800 அனுப்பினவர். இது சொல்லாத வருமானமாம்.

யுனிவர்சல் கிரெடிட்டில அன்பளிப்பா வந்த காசு வருமானம் இல்லை, சேமிப்பு. சேமிப்பு எல்லாம் சேத்து 6,000 தாண்டினாத்தான் பிரச்சினை, 16,000 தாண்டினாக் கிளெய்மே இல்லை. அழைப்பிதழ், மொய் எழுதின கொப்பி, அண்ணா அனுப்பின ரசீது மூண்டையும் குடுங்கோ. "ஓம், வருமானம்தான்" எண்டு மட்டும் எங்கையும் சொல்லிப்போடாதேங்கோ.

கேள்வி (குரொய்டன்): பெற்றோல் ஸ்டேஷனில வேலை. நான் எடுத்தது 950, அவையின்ர கணக்கில 1,900 எண்டு நிக்குது.

உங்களுக்குச் சம்பளம் மாசத்துக்கோ நாலு கிழமைக்கோ? அதை எழுதாமல் விட்டிட்டியள். நாலு கிழமைக்கு ஒருக்கா எண்டா வருசத்துக்கு 13 சம்பளம், ஆனா யுனிவர்சல் கிரெடிட் மாசம் 12தான், அப்ப வருசத்தில ஒருக்கா ஒரு மாசத்துக்குள்ள ரெண்டு சம்பளம் வந்து விழும், அதை ஆரும் மறைச்சதும் இல்லை, ஆரும் கூடக் குடுத்ததும் இல்லை. மாதச் சம்பளம் எண்டா, லீவு நாள் வந்ததால முதலாளி முந்திப் போட்டு ரெண்டும் ஒரே மாசத்துக்குள்ள விழுந்திருக்கலாம். இதுக்கு நாலு பொம்பிளையள் கோட்டுக்குப் போய் 2020இல வெண்டவை, அதுக்குப் பிறகு ஒரு சம்பளத்தை மற்ற மாசத்துக்கு மாத்திக் கணக்குப் பாக்கச் சொல்லிக் கேக்கலாம். இது ரெண்டும் இல்லாமல் முதலாளி எச்எம்ஆர்சிக்கு (வரித் திணைக்களம்) பிழையான தொகை அனுப்பியிருந்தா, உங்கட யுனிவர்சல் கிரெடிட் எக்கவுண்டில அவைக்கு எழுதுற ஜேர்னலில "ஆர்டிஐ டிஸ்பியூட்" (முதலாளி அனுப்பின சம்பளக் கணக்குப் பிழை எண்ட முறைப்பாடு) எண்டு அந்தச் சொல்லையே போட்டு எழுதுங்கோ, பே ஸ்லிப்பையும் பேங்க் ஸ்டேட்மெண்டையும் சேத்துக் குடுங்கோ. ஃபோனில சொன்னதுக்கு உங்கட கையில ஆதாரம் இல்லை, ஜேர்னலில எழுதினது நிக்கும். மிச்சம் கையில காசா வாங்கினனீங்கள் எண்டா, அது வேற கதை, அதை என்னட்ட மறைச்சுப் பிரயோசனம் இல்லை.

கேள்வி (ஈஸ்ட்ஹாம்): நான் சீட்டுப் பிடிக்கிறனான், 20 பேர், ஆளுக்கு மாசம் 300, எல்லாரும் என்ர எக்கவுண்டுக்குத்தான் போடுறவை. மாசம் 6,000 வருமானம் எண்டு சொல்லி ரெண்டு வருசக் கணக்குக் கேக்கினம். இன்டர்வியூ அண்டர் கோஷனுக்குப் போட்டு வந்திட்டன், மருமகன்தான் மொழிபெயர்த்தவன், பயத்தில எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.

அம்மா, முதல்ல சீட்டு. அந்தக் காசு உங்கட இல்லை, உங்கட கையால போகுது, அவ்வளவுதான். மற்றவைக்காக வச்சிருக்கிற காசை உங்கட வருமானமாவோ சேமிப்பாவோ கணக்கெடுக்கேலாது, ஆனா அதைக் காட்டவேண்டியது நீங்கள். மாசம் தொடங்க 20 பேரிட்ட இருந்து வந்தது, அந்தக் கிழமையே ஒராளுக்கு மொத்தமாப் போனது, இந்த ரெண்டையும் ஸ்டேட்மெண்டில நிறம் போட்டுக் காட்டுங்கோ, சீட்டுக் கொப்பியை இங்கிலீசில மாத்துங்கோ, எடுத்தவையிட்ட ஒவ்வொரு கடிதம் வாங்குங்கோ, அவையின்ர ஸ்டேட்மெண்டில ஒரு பக்கமும் வாங்குங்கோ. இங்கத்தைய ஒஃபிசருக்குச் சீட்டு எண்டா என்னெண்டு தெரியாது, கலியாணத்துக்கும் வீட்டு டிப்பொசிட்டுக்கும் எங்கட சனம் இப்பிடித்தான் காசு சேக்கிறது எண்டு விளங்கப்படுத்தி ஒரு பக்கம் எழுதுங்கோ. சீட்டுப் பிடிக்கிறதுக்கு நீங்கள் கமிஷன் எடுக்கிறனீங்கள் எண்டா அது உங்கட காசு, அதை நீங்களாச் சொல்லுங்கோ. உங்கட பங்குச் சீட்டை எடுத்து 6,000க்கு மேல எக்கவுண்டில கிடந்த மாசம் இருந்தா அதையும் சொல்லுங்கோ.

இப்ப அந்த "ஓம் ஓம்". இதை நான் ஒவ்வொருமுறையும் எழுதுறன், ஒவ்வொருமுறையும் ஆரோ ஒராள் இதிலதான் போய் விழுகினம், எனக்கு நெஞ்சு கொதிக்குது. எங்கட ஓமில பாதி "கேட்டுக்கொண்டிருக்கிறன், சொல்லுங்கோ" எண்ட ஓம். ஃபோனில அக்கா கதைக்கேக்க பத்துத்தரம் ஓம் சொல்லுறம், பத்துக்கும் சம்மதமோ? இல்லைத்தானே. ஆனா டேப்பில அது "யெஸ்" எண்டுதான் விழும். ஒரு வயசான அம்மாவின்ர விசாரணை டேப்பை எழுத்தில வாசிச்சனான். "இதை எங்களுக்குச் சொல்லவேணும் எண்டு உனக்குத் தெரியுந்தானே?" எண்டது கேள்வி, மனிசி கேள்வியைக் காதில வாங்கிக்கொண்டு ஓம் ஓம் எண்டிருக்கிறா, மொழிபெயர்த்த சொந்தக்காரப் பிள்ளை "யெஸ், ஷீ நியூ" எண்டு குடுத்திருக்கு. தெரிஞ்சுகொண்டு செய்ததோ, நேர்மையில்லாமல் செய்ததோ எண்டதுதான் மோசடிக் கேஸின்ர உயிரே, அதை அந்த ஒரு ஓம் தூக்கிக் குடுத்திட்டுது. பிள்ளையைக் குறை சொல்லேலாது, பதினாறு வயசுப் பிள்ளைக்கு அந்தச் சொல்லின்ர பாரம் எப்பிடித் தெரியும்?

அதால கடிதம் வந்த உடனயே மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு எழுத்தில கேளுங்கோ, ஒழுங்குபடுத்தவேண்டியது அவையின்ர வேலை, இலங்கைத் தமிழ் கதைக்கிற ஆள் வேணும் எண்டும் சொல்லுங்கோ. மருமகன், மச்சாள், கோயிலில சந்திச்ச நல்ல மனிசன் ஒருத்தரும் வேண்டாம். விளங்கேல்லை எண்டா விளங்கேல்லை எண்டு சொல்லுங்கோ, ஞாபகம் இல்லாட்டி ஞாபகம் இல்லை எண்டு சொல்லுங்கோ, தேதி கேட்டாப் பேப்பரைக் காட்டச் சொல்லுங்கோ. மரியாதைக்கு ஓம் சொல்லவே வேண்டாம், முழு வசனமாப் பதில் சொல்லுங்கோ.

உங்களுக்கு இன்னும் வழி இருக்கு அம்மா. ரெக்கோடிங்கின்ர கொப்பி கேளுங்கோ, சொலிசிட்டரைப் பிடியுங்கோ, சொந்தக்காரர் இல்லாத ஒராளை வச்சு மொழிபெயர்ப்பைச் சரிபாத்து, எங்கெங்க பிழை எண்டு எழுத்தில குடுங்கோ. பிடிபட்டா எல்லாரும் கள்ளர் எண்டு நினைச்சு நீங்களே குனிஞ்சு குடுக்காதேங்கோ. ஹவுசிங் பெனிபிட்டில கொம்பியூட்டர் சந்தேகம் எண்டு பொறுக்கி எடுத்த கிளெய்மில மூண்டில ரெண்டு பங்கு சரியான கிளெய்ம்தான் எண்டு 2024இல வெளியில வந்தது, மூண்டு வருசத்தில ரெண்டு லட்சத்துக்கு மேல ஆக்கள் சும்மா விசாரணைக்கு உள்ளானவை.

கேள்வி (லெஸ்டர்): பாதித் தண்டம் கட்டினாக் கோட்டுக்குப் போகாமல் முடிச்சுவிடுறம் எண்டினம். கையெழுத்து வைக்கட்டோ?

பிழை செய்யேல்லை எண்டா வைக்காதேங்கோ. தண்டம் ஓவர்பேமெண்டில, அதாவது கூடக் குடுத்திட்டம் எண்டு அவை சொல்லுற காசில, பாதி, குறைஞ்சது 350, கூடினது 5,000, அதோட அந்த ஓவர்பேமெண்டையும் கட்டவேணும். ஏற்கெனவே வச்சிட்டியள் எண்டா மனம் மாற 14 நாள் இருக்கு, இண்டைக்கே ஆலோசனை எடுங்கோ.

கேள்வி (ஈஸ்ட்ஹாம்): அவையின்ர பிழையாலதான் கூடக் காசு வந்தது எண்டு ஒத்துக்கொள்ளினம், பிறகும் திருப்பிக் கேக்கினம். அப்ப நான் கள்ளனோ?

இல்லை. மோசடி வேற, ஓவர்பேமெண்ட் வேற, ரெண்டையும் போட்டுக் குழப்பாதேங்கோ. யுனிவர்சல் கிரெடிட்டில அவையின்ர பிழை எண்டாலும் சட்டப்படி திருப்பி எடுக்கலாம். அந்தக் காசை விட்டுத் தரச்சொல்லி வேவர் கேக்கலாம், வருத்தம், வறுமை எல்லாத்தையும் ஆதாரத்தோட எழுதுங்கோ. தொகை பிழை எண்டா மேண்டட்டரி ரீகன்சிடரேஷன் (முடிவைத் திரும்பப் பாக்கச் சொல்லுறது) கேளுங்கோ, கடிதத் தேதியில இருந்து ஒரு மாசம் இருக்கு.

கேள்வி (வெம்பிளி): வீட்டில ஒரு அறையைப் பொடியன் ஒருத்தனுக்கு மாசம் 500க்குக் குடுத்திருக்கிறன், இது மறைச்ச வருமானமோ?

நீங்கள் இருக்கிற வீட்டுக்குள்ளயே அறை எடுத்து இருக்கிற லொட்ஜர் எண்டா யுனிவர்சல் கிரெடிட்டில அந்தக் காசைக் கணக்கெடுக்கிறேல்லை. கவுன்சில் டக்ஸ் குறைப்புக்கு விதி வேற, அங்க கேளுங்கோ. வாடகை வீடு எண்டா வீட்டுக்காரற்ற அனுமதியும் பாருங்கோ.

கேள்வி (மில்ரன் கீன்ஸ்): அம்மாவைப் பாக்கக் கேரர்ஸ் அலவன்ஸ் எடுத்தனான். லிமிட்டுக்கு மேல கிழமைக்கு ரெண்டு பவுண்ஸ் உழைச்சனாம், முழுக் காசும் திருப்பித் தரட்டாம்.

இந்த அலவன்சில ஒரு பவுண்ஸ் கூடினாலும் அந்தக் கிழமைக்காசு முழுக்கப் போகும், அநியாயம்தான் ஆனா சட்டம் அப்பிடி. கிழமைக்கு உழைக்கிற லிமிட் 2024 ஏப்ரலில 151 ஆ இருந்தது, 2025 ஏப்ரலில 196 ஆக்கினவை. பென்ஷனுக்குக் கட்டினதில பாதியைக் கழிச்சவையோ எண்டு முதல்ல பாருங்கோ. கிழமைக்குக் கிழமை சம்பளம் மாறினா ஆவரேஜ் எடுக்கவேணும், 2015 தொட்டு அதில அவையின்ர வழிகாட்டலே பிழை எண்டு லிஸ் சேஸ் தலைமையில நடந்த ரிவியூ 2025 நவம்பரில சொன்னது, பழைய கேசுகளைத் திரும்பப் பாக்கிறம் எண்டு அரசாங்கமும் சொல்லியிருக்கு. பே ஸ்லிப் ஒண்டையும் எறியாதேங்கோ.

கேள்வி (ஹேய்ஸ்): மனிசன் எட்டு மாசமா வேலைக்குப் போறார், சொல்லேல்லை. பிழையாப் பிடிச்சிட்டினம் எண்டு எழுதித் தருவீங்களோ?

மாட்டன். மற்றவை உண்மையாவே அழுதுகொண்டு எழுதுற இடம் இது. இண்டைக்கே ஜேர்னலில சொல்லுங்கோ, அவை வந்து கண்டுபிடிக்க முந்தி நீங்களாச் சொன்னா அது கணக்கில வரும்.

கேள்வி (ஸ்லவ்): ஆர் என்னைக் காட்டிக்குடுத்தது எண்டு அறியேலுமோ?

ஏலாது. அந்த நேரத்துக்கு ஸ்டேட்மெண்டைத் தேடி எடுங்கோ.

கேள்வி (எட்மண்டன்): கடிதம் வந்து நாலு மாசமாச்சு, பயத்தில கவரை உடைக்கவே இல்லை.

முதல்ல உடையுங்கோ. ஒரு மாசம் தாண்டினாலும் நல்ல காரணம் இருந்தா 13 மாசம் வரைக்கும் ரீகன்சிடரேஷன் கேக்கலாம், டொக்டரிட்டப் போய் உங்கட மனநிலையைப் பற்றிக் கடிதம் எடுங்கோ, அதுவே காரணம். கவரையும் எறியாதேங்கோ, தபால் முத்திரைத் தேதி தேவைப்படும்.