பதினாலா, பதினைந்தா?

கேள்வி: சான் ஹோசேயில் சொந்தமாக சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறேன். நகர சபைத் தேர்தலில் நிற்க ஆசை. ‘இப்பவே வீட்டுக்கு நேரமில்லை’ என்று மனைவி மறுக்கிறாள். லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட் ரயில்வே கம்பெனியையும் நடத்தி, கலிஃபோர்னியா கவர்னராகவும் செனட்டராகவும் இருந்தாரே, என்னால் முடியாதா? பையனுக்கும் பதினாலோ பதினைந்தோ ஆகிவிட்டது, அவனைப் பற்றிக் கவலையில்லை. மனைவியை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: அதற்கு நான் வழி சொல்லப் போவதில்லை. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய மனிதரின் பதவிகளை வரிசையாக எழுதத் தெரிகிறது. பெற்ற பிள்ளைக்குப் பதினாலா பதினைந்தா என்று தெரியவில்லை. உங்கள் கடிதத்தில் எனக்குக் கண்ணில் பட்டது அந்த ஒரு வரிதான்.

ஸ்டான்ஃபோர்டையே எடுத்துக்கொள்வோம். அவர் கவர்னராக இருந்தது 1862, 63-ல். தன் ரயில்வேக்கே உதவித்தொகை தரும் சட்டங்களில் கையெழுத்துப் போட்டது அப்போதுதான். அதை நான் மன்னிக்க மாட்டேன், நகர சபைக்குப் போக நினைக்கிற நீங்களும் மன்னிக்கக் கூடாது. சரி, மகனுக்கு வருகிறேன். கல்யாணமாகிக் கிட்டத்தட்டப் பதினெட்டு வருடம் காத்திருந்து, 1868 மே மாதம் பிறந்த ஒரே பிள்ளை. பழம்பொருட்கள் சேர்ப்பதில் அவனுக்கு உயிர். மியூசியம் வைக்க ஆசைப்பட்டான். பெற்றோருடன் ஐரோப்பா போனபோது டைஃபாய்டு கண்டு, 1884 மார்ச் 13 அன்று ஃபிளாரன்ஸில் இறந்துபோனான். பதினாறு வயதாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. செனட்டர் பதவி வந்தது அடுத்த வருடம், 1885-ல்.

வருடங்களைச் சேர்த்துப் பாருங்கள். அந்தப் பையன் இருந்த காலம் முழுக்க அப்பாவுக்கு ரயில்வே இருந்தது, தேர்தலில் ஜெயித்த பதவி ஒன்றும் இல்லை. நீங்கள் சாட்சிக்குக் கூப்பிட்ட ஆளே உங்கள் பக்கம் பேசவில்லை. 1891-ல் திறந்த ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் வைத்தது மகன் லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட் ஜூனியரின் பெயர். அதன் முழுப் பெயரில் ‘ஜூனியர்’ இன்றும் இருக்கிறது.

மனைவி சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். 1893-ல் ஸ்டான்ஃபோர்ட் இறந்தார். சொத்து கோர்ட்டில் முடங்கியது, அரசாங்கம் 1.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. வீட்டுச் செலவைச் சுருக்கி அந்தப் பல்கலைக்கழகத்தை மூடாமல் காப்பாற்றியது அவர் மனைவி ஜேன்தான். வீட்டில் எது தாங்கும், எது தாங்காது என்று உங்கள் மனைவிக்கும் தெரியும். நேரமில்லை என்று அவர் சொன்னால் இல்லைதான்.

இன்று ராத்திரி பையன் பக்கத்தில் போய் உட்காருங்கள். வயதை முன்னாலேயே மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவனிடம் கேட்டுவிடாதீர்கள், மனசு ஒடிந்துபோவான். அவனுக்கு இப்போது எதில் உயிர் என்று கண்டுபிடித்து எனக்கு எழுதுங்கள். தேர்தலைப் பற்றி அப்புறம் பேசலாம்.