கூண்டின் மூலையில் இருக்கும் சோனாவை அழைத்து வரலாமா?

கேள்வி: நாங்கள் செம்பூரில் நான்காவது மாடியில் இருக்கிறோம். நான், கணவர், 78 வயது மாமியார். மகன் வேலைக்காகப் புனே போய்விட்டான். சனிக்கிழமைகளில் ஒரு விலங்குக் காப்பகத்துக்குப் போய் உதவி செய்கிறேன். அங்கே சோனா என்று ஒரு பெண் பூனை. ஏழு வயது இருக்கலாம் என்கிறார்கள். எஃப்.ஐ.வி. (பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்) பாசிட்டிவ், கிட்னி நோய் இரண்டாம் நிலை, தினமும் ஒரு மாத்திரை. பல் எல்லாம் எடுத்தாகிவிட்டது. யார் கிட்டே போனாலும் பின்மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடும். இரண்டு வருடமாக யாரும் எடுத்துப்போகவில்லை. "காசு கொடுத்துக் கவலையை வாங்குவானேன், எடுப்பதானால் ஒரு குட்டியை எடு" என்கிறார் கணவர். மாமியாருக்கு நோய் தொற்றிவிடுமோ என்று பயம். எங்கள் வீடு சுத்த சைவம். சோனாவை எடுக்கலாமா? என்றாவது என் மடியில் வந்து உட்காருமா?
(வாசகி, செம்பூர், மும்பை)

அன்புச் சகோதரிக்கு,

தாராளமாக அழைத்து வாருங்கள். ஆனால் இந்த வாரமே வேண்டாம். அதற்கு முன்னால் காப்பகத்திலேயே நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது.

முதலில் மாமியாரின் பயத்தைத் தீர்த்துவிடுவோம். எஃப்.ஐ.வி. என்றதும் எச்.ஐ.வி. நினைவுக்கு வருவது இயல்பு. இரண்டும் ஒரே குடும்பத்து வைரஸ்தான். ஆனால் பூனைக்கு வருவது மனிதருக்கு வராது. கடித்தாலும் வராது, பிறாண்டினாலும் வராது. பூனைக்குப் பூனை பரவுவதும் பெரும்பாலும் சண்டையில் ஆழமாகக் கடிபடும்போதுதான். சோனாவுக்குப் பல்லே இல்லை, உங்கள் வீட்டில் வேறு பூனையும் இல்லை. கிட்னி நோய் தொற்றுநோயே அல்ல. எந்தப் பூனைக்கும் பொதுவான கவனம் சோனாவுக்கும் போதும். மணல் தட்டை மாமியார் தொட வேண்டாம், நீங்கள் சுத்தம் செய்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டையைக் காப்பகத்தில் கேட்டு வாங்குங்கள். அப்படியும் பிறாண்டல் பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

சைவ வீடு என்பதில் மட்டும் என்னால் விட்டுக்கொடுத்துப் பேச முடியாது. பூனை மாமிசம் தின்றே வாழும் பிராணி. டாரின் என்ற சத்து அதற்கு இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் கண் பார்வையும் இதயமும் கெடும். பாலும் தயிர்சாதமும் போட்டு சோனாவை வைத்துக்கொள்ள முடியாது. நல்லவேளை, கிட்னி நோய்க்கான உணவு பாக்கெட்டிலேயே கிடைக்கிறது. பல் இல்லாத பூனைக்கு அந்தக் கூழ் உணவே சௌகரியம், அதில் தண்ணீரும் நிறைய இருப்பதால் கிட்னிக்கும் நல்லது. நீங்கள் எதையும் சமைக்க வேண்டாம். சமையலறைக்கு வெளியே ஒரு அலமாரித் தட்டு, தனிக் கிண்ணம், தனி ஸ்பூன், அவ்வளவுதான். மாட்டுங்காவில் கோலம் போட்டு விளக்கேற்றும் வீடுகளில் இப்படி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் உங்கள் மாமியார் சம்மதிக்கவில்லை என்றால் சோனாவை எடுக்காதீர்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கூச்சமுள்ள பூனையை வளர்ப்பது தனியாகப் பார்த்தால் கடினமில்லை. ஒரு அறையைக் கொடுத்து, சாப்பாட்டை வைத்துவிட்டு, அதன் போக்கில் விட்டால் ஒருநாள் தானாக வெளியே வரும். நோயாளிப் பூனையும் பழகிய பூனையாக இருந்தால் சமாளித்துவிடலாம். இரண்டும் ஒரே பூனையாக இருக்கும்போதுதான் சிக்கல். கிட்டே வராதே என்கிறது கூச்சம். தினமும் மாத்திரை கொடு என்கிறது நோய். சோறு வைக்கிற கையும் வாயைத் திறக்கிற கையும் ஒன்றாகிவிடுகிறது.

என் பவுனுவிடம் நான் தவறியது இங்கேதான். எங்கள் பில்டிங் காம்பவுண்டில் கிடந்த மஞ்சள் பூனை அது. கிட்னி நோய் என்று தெரிந்துதான் எடுத்தேன். பகலெல்லாம் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். காலையில் மெஷினை நகர்த்தி, துண்டைப் போட்டுப் பிடித்து, வாயில் மாத்திரையைத் தள்ளுவேன். மருந்து தவறக்கூடாதே என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு. ஒன்பதாம் நாள் அது சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகும். விலங்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த உதவியாளர் அம்மா ஒருவர் பவுனுவைத் துண்டோடு மடியில் வைத்துக்கொண்டே சொன்னார்: "ஒளியற இடத்துல கையை விடாதீங்க. மருந்துக்கு வேற இடம் வெச்சுக்கோங்க."

வீட்டுக்கு வந்ததும் கூடத்தில், ஜன்னலோரம் இருந்த ஸ்டூலின் மேல் ஒரு பச்சைத் துண்டை விரித்தேன். காலை ஏழரைக்கு அந்தத் துண்டின் மேல் ஒரு ஸ்பூன் உணவு. அது நக்கிச் சாப்பிடும்வரை நான் தள்ளி நிற்பேன். முதல் பத்து நாள் அவ்வளவுதான். டாக்டரைக் கேட்டு அந்தப் பத்து நாளுக்கு மாத்திரையை நிறுத்தி வைத்திருந்தேன். அப்புறம் ஸ்பூனை நான் பிடித்துக்கொண்டேன். அப்புறம் ஒரு விரலால் தாடையைத் தொட்டேன். ஐந்தாவது வாரம் ஏழரைக்கு நான் போவதற்கு முன்பே பவுனு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. மெஷினுக்குப் பின்னால் அதன்பின் நான் கையை நீட்டியதே இல்லை.

சோனாவிடம் இதை வீட்டுக்கு வந்தபின் தொடங்காதீர்கள். சனிக்கிழமை தவறாமல் போகிறீர்களே, அங்கேயே தொடங்குங்கள். இப்போது அதற்கு மாத்திரையை யார், எப்போது, எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அதைப் பொடிக்கலாமா, திரவமாகக் கிடைக்குமா என்று வெட் டாக்டரிடம் கேளுங்கள். சில மாத்திரைகளைப் பொடித்தால் கசப்பில் பூனை நுரை தள்ளும். பொடித்ததை முழுச் சாப்பாட்டில் கலக்கவே கலக்காதீர்கள். ஒருமுறை கசந்தால் அந்த உணவையே வெறுத்துவிடும், கிட்னிப் பூனைக்கு அது பெரிய நஷ்டம். தனியாக ஒரு ஸ்பூன் உணவில் மட்டும் கலந்து கொடுங்கள். முழு மாத்திரையாக வாயில் போட்டால், ஊசி இல்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீரையும் வாயோரமாக விடுங்கள். உலர்ந்த மாத்திரை தொண்டைக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். நான்கைந்து சனிக்கிழமை உங்கள் கையால் மருந்து போனபின், எந்தத் துண்டின் மேல் வாங்கிக்கொண்டதோ அதே துண்டோடு வீட்டுக்கு அழைத்து வாருங்கள். துண்டைத் துவைக்காதீர்கள்.

மகனின் அறை காலியாக இருக்கிறதல்லவா, அதுவே சோனாவின் அறை. கட்டிலுக்கு அடியில் பெட்டிகளை நெருக்கி அடைத்துவிட்டு, அதற்குப் பதிலாக இரண்டு பக்கம் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்றைச் சுவரோரம் வையுங்கள். 2014இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிய ஒரு பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்த பூனைகளுக்கு முதல் சில நாட்களிலேயே பதற்றம் தணிந்தது. மணல் தட்டு ஒரு மூலையில், சாப்பாடும் தண்ணீரும் எதிர்மூலையில். நான்காவது மாடி என்கிறீர்கள். புறாவுக்காகக் கட்டும் நைலான் வலை (கபூத்தர் ஜாலி) பூனைக்குப் போதாது, நகத்தால் கிழித்துவிடும். ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருக்கும் பாக்ஸ் கிரில்லுக்கு உள்பக்கம் கம்பிவலை அடித்துவிடுங்கள். சொசைட்டியில் யாராவது ஆட்சேபித்தால், செல்லப்பிராணி வளர்ப்பதைக் குடியிருப்புச் சங்கங்கள் தடை செய்ய முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலைக் காட்டுங்கள்.

கணபதி விசர்ஜனம் நெருங்கும்போதும் தீபாவளிக்கு முன்பும் அழைத்து வராதீர்கள். டோல் தாஷா மேளங்கள் முழங்க ஊர்வலம் போகும் தெருவில், புது வீட்டில் முதல் இரவைக் கழிக்கும் கூச்சப் பூனையின் நிலையை நினைத்தாலே எனக்குத் தாங்கவில்லை.

தரை துடைக்க ஃபினாயில் வேண்டாம், பூனையின் ஈரலால் அதைச் சமாளிக்க முடியாது. பாராசிட்டமால் கால் மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே கிட்னி போய்விடும், சோனாவின் கிட்னி ஏற்கெனவே பழுதானது. சாம்பார், ரசம் பட்ட எதுவும் கூடாது, வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தத்தைக் கெடுக்கும்.

அப்புறம் ஒரு விஷயம். சோனா முதலில் நெருங்கப்போவது உங்களிடம் அல்ல, மாமியாரிடம் என்று தோன்றுகிறது. நீங்கள் ஆசையோடு பார்ப்பீர்கள், கூப்பிடுவீர்கள். கூச்சப் பூனைக்கு அதெல்லாம் துரத்துவது மாதிரி. அவர் அதைக் கண்டுகொள்ளாமல், ஒரே இடத்தில் உட்கார்ந்து, மெல்லிய குரலில் சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருப்பார். பயந்த பூனைக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. மாலையில் அரை மணி நேரம் அவர் நாற்காலியை அந்த அறையில் போடச் சொல்லிப் பாருங்கள். ஊதுபத்தியை மட்டும் வேறு அறையில் வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் போகும்போது நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடி மெதுவாக இமையுங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020இல் இதைச் சோதித்தார்கள். இப்படி இமைப்பவரைப் பார்த்துப் பூனைகளும் இமைத்தன, முன்பின் தெரியாதவரிடம்கூட நெருங்கி வந்தன. நாள் கணக்குப் பார்க்காதீர்கள். மூன்று மாதத்தில் பழகுவதும் உண்டு, ஒரு வருடம் ஆவதும் உண்டு.

கிட்னி நோய் குணமாகாது, ஆனால் வேகத்தைக் குறைக்கலாம். இரண்டாம் நிலையில் தெரிய வந்து சில வருடங்கள் நன்றாக வாழும் பூனைகள் நிறைய உண்டு. நிறையக் குடிக்கும், நிறையச் சிறுநீர் போகும். தட்டு நனைகிறதே என்று தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். நான்கு கிலோப் பூனை 400 கிராம் குறைந்தால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம், ஆனால் ரோமத்துக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே கிளம்புங்கள். பிற்காலத்தில் தோலுக்கடியில் சலைன் ஏற்ற வேண்டி வரலாம். பவுனுவுக்கு ஜன்னல் கம்பியில் பாட்டிலை மாட்டி, அதே ஸ்டூலில், அதே பச்சைத் துண்டில்தான் ஏற்றினேன். பத்து நிமிட வேலை.

கணவர் கேட்பது நியாயமான கேள்வி. அவரைச் சமாதானப்படுத்த நல்ல வார்த்தை சொல்வதைவிட, காப்பகத்தில் சோனாவின் கடந்த ஆறு மாத மருந்து, ரத்தப் பரிசோதனை, உணவுச் செலவின் பில்களைக் கேட்டு வாங்கி அவர் கையில் கொடுங்கள். மாதாமாதம் அவ்வளவு முடியுமா என்று இருவரும் உட்கார்ந்து பாருங்கள். பரேலில் பைல் கோடா ஆஸ்பத்திரி என்று ஊரே சொல்லும் பாய் சகர்பாய் மருத்துவமனை செம்பூரிலிருந்து தொலைவில்லை. ஆனாலும் வீட்டுக்குப் பக்கத்தில் பூனைகளை நன்றாகப் பார்க்கும் ஒரு டாக்டரையும் தேடி வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் ஊருக்குப் போனால் மாத்திரை கொடுப்பது யார் என்பதற்கும் இப்போதே பதில் வேண்டும். புனேயிலிருந்து மகன் வருவானா? அப்படியென்றால் அவனும் இரண்டு சனிக்கிழமை உங்களோடு வரட்டும். முதல் இரண்டு மாதம் தற்காலிகப் பராமரிப்பாகத் தருவார்களா என்றும் கேளுங்கள், பல காப்பகங்கள் சம்மதிக்கும்.

மடியில் உட்காருமா என்று கேட்டிருந்தீர்கள். பவுனு என்னோடு ஆறு வருடம் இருந்தது, ஒருநாளும் மடியில் உட்காரவில்லை. ஆனால் நான் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள் ஏழரை மணிக்கு ஸ்டூலில் போய்க் காத்திருந்துவிட்டு, நான் வராததால் படுக்கையறை வாசல்வரை வந்து நின்று என்னைக் கூப்பிட்டது. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருந்த பூனை. எனக்கு அது போதுமாக இருந்தது. உங்களுக்கும் போதும் என்றால் இந்தச் சனிக்கிழமை ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொண்டு போங்கள்.